அடி மண்ணுக்கு ஏற்ற கழி

படகுக்குக் கழி வேண்டும் என்று மூங்கில் மண்டியில் கேட்டால், இருப்பதிலேயே நீளமானதையும் நேரானதையும் உருவிப் போடுவார்கள். பந்தல்காரருக்கு அது போதும். நான் முதலில் குனிந்து பார்ப்பது தூர்ப் பக்கத்தை. தூரிலிருந்து இரண்டு மூன்று முழத்துக்காவது கணுக்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். பிறகு நடுத்தண்டைக் கையால் வளைத்துப் பிடிப்பேன். கட்டைவிரல் நுனி நடுவிரலைத் தொட வேண்டும். தொடாத மூங்கிலை வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தள்ளினால் ராத்திரி சோறு பிசையக்கூட விரல் மடங்காது. தோலில் பச்சையும் வெள்ளைப் பொடியும் தெரிந்தால் அது இளசு, எடுக்கவே கூடாது. மூன்று வயது தாண்டிய மூங்கில் மங்கிப்போய், கணுவோரம் பாசித் திட்டுகளோடு இருக்கும். சுண்டிப் பார்த்தால் சத்தமும் கெட்டியாக வரும்.

எந்தத் தண்ணீருக்கு என்று மண்டிக்காரர் கேட்க மாட்டார். வாங்குகிறவர்களும் பெரும்பாலும் ஆழத்தை மட்டும் சொல்லிவிட்டுத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். என் நைனாவிடம் யாராவது கழி பார்த்துத் தரச் சொன்னால் அவர் கேட்கிற கேள்வி வேறு. "அடி என்னா? மணலா, சேறா, சிப்பியா?" பதில் தெரியாமல் விழித்தால், "போயி ஒரு குச்சியக் குத்திப் பாத்துட்டு வா" என்று அனுப்பிவிடுவார். தண்ணீர் மேலே எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அப்புறம்தான். கழி வேலை செய்வது தண்ணீரில் இல்லை, அதற்குக் கீழே இருக்கிற மண்ணில். எனக்கு இந்தத் தொழிலில் தெரிந்தது எல்லாமே அந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்ததுதான்.

பழவேற்காடு ஏரியைப் படத்தில் பார்க்கிறவர்கள் கடல்போல நினைத்துக்கொள்வார்கள். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்பங்கழி அதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தென்முனை மட்டும் நம் பக்கம். ஆனால் சராசரி ஆழம் ஒரு மீட்டரைச் சுற்றித்தான். நடு ஏரியில் இறங்கி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வலையைச் சரிசெய்துவிட்டு ஏறிக்கொள்ளலாம். அதனால்தான் கழி. துடுப்பு போட்டால் ஓரங்களில் பாதிநேரம் அடி தட்டும். எஞ்சினை இறக்கினால் விசிறி சேற்றைக் கலக்கும், இல்லையென்றால் யாராவது ஒருவருடைய வலையைச் சுற்றிக்கொண்டு சண்டையை இழுத்துவரும்.

அங்கே அடிமண் ஒரே மாதிரி கிடையாது. கடலோரத் திட்டுப் பக்கம், முகத்துவாரத்தை ஒட்டி, இறுகிய மணல். தெற்கே ஆரணி ஆறு வந்து சேர்கிற பக்கம் ஆற்றுவண்டல். இடையிடையே கிளிஞ்சலும் ஆளிப் படுகைகளும். ஒரே காலைப்பொழுதில் மூன்றையும் கடக்க வேண்டியிருக்கும். மூன்றுக்கும் ஒரே கழியை வைத்துக்கொண்டு சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சமாளிக்கலாம்தான், ஆனால் தோள்பட்டை போய்விடும்.

நீளத்துக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். தண்ணீர் 4 அடி என்றால், கழி சேற்றில் புதைவதற்கு ஒன்றரை அடி. படகுத் தட்டில் நிற்கிறவனின் தோள் நீர்மட்டத்துக்கு மேலே கிட்டத்தட்ட 6 அடி. கழி நேராக நிற்காமல் சாய்ந்தே இருக்கும் என்பதால் அதற்கு ஒன்றரை அடி. ஆக 13 அடி. ஏரிக்கு இது தாராளம். இதற்கு மேல் நீளம் வைத்துக்கொண்டால் எடை கூடுவதோடு, காற்றடிக்கும்போது தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற பாகம் ஆளையே தள்ளும். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று ஏறினால் இது நன்றாகத் தெரியும். குட்டைக் கழியோ இன்னும் மோசம். ஆழமான இடத்தில் அடி எட்டாமல் குனிந்து குனிந்து குத்த வேண்டிவரும், அந்தக் குனிவில்தான் ஆள் தண்ணீரில் விழுவது.

தூர் எப்போதும் கீழே, நுனி கைக்கு. கேட்டால் சாதாரணமாகத் தோன்றும். ஆனால் மெல்லிய நுனி மண்ணில் எளிதாக இறங்கும் என்று தலைகீழாகப் பிடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நமக்கு இறங்க வேண்டியதில்லையே, நிற்க வேண்டும். தூர்ப் பக்கம் கெட்டியாக, கனமாக இருப்பதால் கழி தானாகவே அடியைத் தேடிப் போகும். உள்ளே பெரிய பொந்தோடு இருக்கிற முள்மூங்கில் இந்த வேலைக்குச் சரிப்படாது. மார்பளவு ஆழத்திலேயே மிதந்து சாய்ந்து, ஊன்றுவதற்குள் படகு தாண்டிப் போய்விடும். கல்மூங்கில்தான் நல்லது, உள்பொந்து சிறியதாகவோ இல்லாமலோ இருக்கும். அது கிடைக்காத நாளில், கீழ்க் கணுவிடைகளில் சின்ன ஓட்டை போட்டு உள்ளே தண்ணீர் புக விடுவோம். அந்தக் கனத்தில் கழி நிமிர்ந்து இறங்கும்.

மணலில் தள்ளுவது சுகம். பாதத்துக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்னால், கிட்டத்தட்டச் செங்குத்தாக ஊன்ற வேண்டும். ஊன்றியதும் அடியிலிருந்து 'நக்' என்று ஒரு பதில் கைக்கு வரும். வந்த பிறகே உடம்பைச் சாய்க்க வேண்டும். கைக்கு மேல் கை மாற்றிக் கழியில் ஏறுவதுபோல் போனால் ஒரே ஊன்றலில் படகு தன் நீளத்துக்கு மேல் ஓடும். கழி நுனி கைக்கு வந்ததும் எடுத்துவிடாமல், ஒரு நொடி பின்னால் இழுபடவிட்டால் அதுவே சுக்கான். இடது வலது திருப்பம் எல்லாம் அந்த ஒரு நொடியில் முடிந்துவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் திசைக்காகத் தனியாக ஒரு குத்து குத்துவார்கள், படகு பாம்புக்கோலம் போடும். மணலுக்கு மட்டும் தூரில் இரும்புப் பூண் போட்டுக்கொள்வது உண்டு. உலக்கைக்கு அடிக்கிற கொல்லரே இதற்கும் அடித்துக் கொடுப்பார். பூண் இல்லாவிட்டால் மணல் மூங்கிலின் நாரைப் பிரித்து, விளக்குமாறாக ஆக்கிவிடும்.

மணலில் ஒரு எச்சரிக்கை. ஆழமில்லாத மணலில் திருக்கை படுத்திருக்கும். கழி பட்டால் அது ஓடிவிடும், கவலையில்லை. மனிதர்களைத்தான் கவனிக்க வேண்டும். இருளர் ஆண்களும் பெண்களும் ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் அமர்ந்த நிலையில் நகர்ந்து கையால் தடவி இறால் பிடிப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தலை மட்டும் ஒரு புள்ளி. விடிகாலையில் அதுவும் தெரியாது. பின்னால் நின்று கழி போடுகிறவனுக்குப் படகின் முன்முனையான அணியம் மறைக்கும் என்பதால், அந்தப் பக்கங்களில் முன்னால் ஒருவரை உட்கார வைக்காமல் போனதில்லை. குரல் கொடுத்துக்கொண்டே போவோம். "அண்ணே, படகு வருது" என்றால் தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை உயர்ந்து எந்தப் பக்கம் போகலாம் என்று காட்டும்.

சேற்றுக்கு வந்தால் கதையே மாறிவிடும். மணலில் நல்லது எதுவோ அதெல்லாம் இங்கே கெடுதல். செங்குத்தாக ஊன்றினால் முழங்கை ஆழத்துக்கு இறங்கும். நீளமாகத் தள்ளினால் தள்ளுகிற நேரம் முழுவதும் கழி கீழே போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் படகு போக நினைக்கும், கழி வர மறுக்கும், நடுவில் ஆள். ஆகவே சேற்றில் கழியை நன்றாகச் சாய்த்து, சட்டென்று ஊன்றி, அது உட்கார்வதற்குள் தள்ளி எடுத்துவிட வேண்டும். சின்னச் சின்னத் தள்ளல், ஆனால் இடைவிடாமல். எடுக்கும்போது மேலே இழுக்கக்கூடாது. முதலில் கால் திருகு திருக வேண்டும். திருகினால் கழியைச் சுற்றித் தண்ணீர் இறங்கி, சேற்றின் பிடி விடும். 'பொளக்' என்று சத்தம் கேட்டால் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வராவிட்டால் விட்டுவிட வேண்டும். இதை நைனா எனக்கு அடித்தே சொல்லிக்கொடுத்தார். "கழி போனா போவுது, நீ படவுல இரு." ஆள் படகில் இருந்தால் கையாலேயே அளைந்து திரும்பி வந்து கழியைப் பிடுங்கிக்கொள்ளலாம். கழியைப் பிடித்துக்கொண்டு ஆள் நின்றுவிட்டால் படகு போய்விடும். என் அக்கா மகன் ஒருநாள் செல்போனில் கேம்பிரிட்ஜ் ஆற்றுப் படகுகளைக் காட்டினான். 16 அடிக் கழி, மரத்திலும் அலுமினியத்திலும். கீழ்முனையில் இரும்புக் காப்பு. கேம்பிரிட்ஜில் பின்தட்டின் மேல் ஏறி நிற்கிறார்கள், ஆக்ஸ்போர்டில் தட்டை முன்பக்கம் விட்டுப் படகுக்குள்ளேயே நின்று தள்ளுகிறார்கள், இதில் இரண்டு ஊருக்கும் வீம்பு உண்டாம். நான் பார்த்தது அந்தத் திருகலைத்தான். அப்படியே நம்ம ஊர்த் திருகல். சட்டை கால்சட்டையோடு ஒரு பையன் சேற்றில் மாட்டிய கழியைக் கட்டிப்பிடித்துத் தொங்க, படகு அவன் காலடியிலிருந்து நழுவிப் போகிறது. நைனா இருந்திருந்தால் அந்த வீடியோவை ஊர் முழுக்கக் காட்டியிருப்பார்.

சேற்றுக்கழியின் அடிக்கு என்ன செய்வது என்பதில் எங்களுக்குள் ஒத்த கருத்து கிடையாது. தூருக்கு ஒரு சாண் மேலே குறுக்குக் கட்டை கட்டினால் அதற்கு மேல் புதையாது என்பது ஒரு கட்சி. புதையாதுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் கட்டையோடு ஒரு கூடை சேறும் மேலே வரும். நான் கவட்டைக் கட்சி. நல்ல புளியங்கவையோ கருவேலங்கவையோ பார்த்து, காம்பை மூங்கிலுக்குள் செருகி, மேலே கம்பி சுற்றி இறுக்கிவிடுவேன். கவையின் இரண்டு கால்களும் சேற்றில் பரவி நிற்கும், எடுக்கும்போது நடுவில் தண்ணீர் புகுந்துவிடும்.

இந்தக் கவட்டைக் கழியை உண்மையில் கொண்டாடியது பிச்சாவரத்தில். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் இருக்கிற அந்த அலையாத்திக் காட்டில் அகல வாய்க்கால்களில் துடுப்புதான் வசதி. சுரபுன்னை வேர்கள் இரண்டு பக்கமும் வளைந்து இறங்கி மூடிக்கொண்ட சந்துகளில் துடுப்பை வீச இடம் இருக்காது. அங்கே குட்டைக் கழி, 8 அடி போதும். தலைக்கு மேலே கிளை. அடியில் ஊன்றுவதைவிட வேர்முட்டில் கவையைக் கொடுத்து மெல்லத் தள்ளுவதுதான் அதிகம். வேரின் நடுவில் கொடுத்தால் ஒடியும், மரம் பாவம். வேர் மண்ணில் இறங்குகிற மூட்டில் கொடுக்க வேண்டும்.

சிப்பிப் படுகையில் நான் இரும்பை விரும்புவதில்லை. ஆளியின் மேல் பூண் வழுக்கும், 'கிணிங்' என்ற சத்தத்தில் பக்கத்தில் இருக்கிற மடவை எல்லாம் துள்ளி ஓடிவிடும். வெறும் மூங்கில் தூரை ஆளியின் கூர்விளிம்பு கடித்துக்கொள்ளும், பிடிப்பு கிடைக்கும். தேய்மானம் அதிகம், மாதத்துக்கு ஒரு விரல்கடை அறுத்துவிட வேண்டியிருக்கும். அதற்காகவே அந்தப் பக்கத்துக் கழியை அரை அடி கூடுதலாக வாங்குவோம்.

கால்வாய்க்கு வருகிறேன். நைனா இளவயதில் வேலை பார்த்தது பக்கிங்காம் கால்வாய்ச் சரக்குப் படகில். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையில் வெட்டிய கொக்ரேன் கால்வாய்தான் அதன் முதல் துண்டு. பிறகு வடக்கே நீண்டுகொண்டே போனது. 1876-78 பஞ்சத்தில் கூலிக்கு வந்த சனங்களை வைத்துக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற பகுதியை வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. எல்லாம் சேர்ந்து 400 கிலோமீட்டருக்கு மேல். ராக்கெட் தளம் வருவதற்கு முன்னால் ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகு இந்தக் கால்வாய் வழியாகத்தான் சென்னை அடுப்புகளுக்கு வந்தது. உப்பும் கிளிஞ்சலும்கூட.

காற்று வாக்காக இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் இரண்டு பேர் கரையில் நடந்து கயிறு இழுப்பார்கள். கரை உடைந்த இடத்திலும் பாலத்தடியிலும் கழி. அந்தக் கனத்தைப் பின்னால் நின்று கையால் தள்ள முடியாது. அணியத்தில் கழியை ஊன்றி, துணி சுற்றிய நுனியைத் தோள்குழியில் வாங்கிக்கொண்டு, விளிம்புப் பலகை மேல் பின்முனையான அமரத்தை நோக்கி நடக்க வேண்டும். உடம்பு கிட்டத்தட்டத் தரைக்குக் கிடையாகச் சாய்ந்திருக்கும், கால்விரல்கள் பலகையில் அறைந்த குறுக்குச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். கரையிலிருந்து பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும்: ஆள் நடந்துகொண்டே இருப்பான், ஆனால் கரையில் இருக்கிற பனைமரத்துக்கு நேராக நின்ற இடத்திலேயே நிற்பான். அவன் காலுக்குக் கீழே படகுதான் போய்க்கொண்டிருக்கும். அமரத்துக்கு வந்ததும் கழியைப் பிடுங்கிக்கொண்டு அணியத்துக்கு ஓட்டம், மறுபடி நடை. நைனாவின் வலது தோளுக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்குக் காய்ப்பு இருந்தது. படகை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் அது போகவில்லை.

அந்த வேலைக்கு மூங்கிலை அவர்கள் நம்பவில்லை, சவுக்கு. ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டி 1860-களில் மதராஸ் கடலோரத்தில் சவுக்குத் தோப்பு போட ஆரம்பித்தார்கள். அதன் புண்ணியத்தில் எங்கள் பக்கம் சவுக்குக் கழிக்குப் பஞ்சமே இல்லை. தண்ணீர் குடித்த சவுக்கு கிட்டத்தட்ட மூழ்கும், விட்டால் நேராக அடிக்குப் போகும். ஆழத்துக்கும் ஓட்டத்துக்கும் அதுவே துணை. முழுபலத்தையும் தாங்கி வளைந்து திரும்ப உதைக்கும். குறை என்னவென்றால் கனம். ஏரியில் நாள் முழுக்கத் தூக்கிப் போட முடியாது. காய்ந்தால் நீளவாக்கில் வெடிக்கும், வெடிப்பில் உள்ளங்கைச் சதை மாட்டினால் அன்றைய வேலை முடிந்தது. எனவே என் கணக்கு: இடுப்புவரை மூங்கில், அதற்கு மேல் ஆழமானாலும் தண்ணீர் ஓடினாலும் சவுக்கு.

ஓட்டம் என்றால் முகத்துவாரம். சென்னைக் கரையில் அமாவாசை பௌர்ணமிக்குக்கூட ஓதம் ஏறி இறங்குவது சுமார் ஒரு மீட்டர்தான். ஆனால் அத்தனை பெரிய ஏரித் தண்ணீர் ஒரு குறுகிய வாய் வழியாக வடிகிறபோது அது சின்ன விஷயமாக இருக்காது. நீர் வடிகிற வத்தத்தோடு கீழே இறங்கும்போது கழி தள்ளுவதற்கு இல்லை, பிடிப்பதற்கு. படகுக்கு முன்னால் சாய்த்து ஊன்றி, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியில் வாங்கி விட வேண்டும். அடிக்கடி மேடு இடம் மாறும் என்பதால் அதே கழிதான் முன்னால் குத்திப் பார்க்கிற கண்ணும். எதிரே ஏற வேண்டியிருந்தால் நடுவோட்டத்தை விட்டு ஓரமாக, நீர் தயங்குகிற விளிம்பிலேயே போக வேண்டும். அணியம் ஓட்டத்துக்கு நேராக இருக்கிறவரை பயமில்லை. குறுக்கே திரும்பிவிட்டால், தண்ணீர் போகிற பக்கத்தில் படகை ஒட்டிச் செங்குத்தாகக் கழியை ஊன்றவே கூடாது. படகு கழியின் மேல் ஏறும், கழி அடியில் மாட்டும், எதிர்விளிம்பில் தண்ணீர் உள்ளே வரும். பிறகு யோசிக்க நேரம் கிடைக்காது.

கழிமுகம் ஒன்றில், அனல்மின் நிலையச் சாம்பல் வந்து படிந்த இடத்திலும் சில காலம் படகு விட்டிருக்கிறேன். மணல், சேறு, சிப்பி என்ற நைனாவின் மூன்றுக்குள் அது அடங்கவில்லை. ஆறிய கஞ்சிமேல் கட்டிய ஆடை மாதிரி முதலில் ஒரு மெல்லிய பரப்பு, கழியைத் தாங்குவதுபோல் நடிக்கும். எடையைக் கொடுத்ததும் உடைந்து ஒன்றுமே இல்லாமல் கீழே போகும், பிறகு எங்கோ ஒரு இடத்தில் இறுகப் பிடித்துக்கொள்ளும். கவட்டையும் குறுக்குக் கட்டையும் இரண்டுமே பயன்படவில்லை. பழைய ஆழமான ஓடையின் தடம் தெரிந்தவர்கள் அதிலேயே துடுப்பு போட்டுப் போனார்கள். தெரியாதவர்கள் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டார்கள்.

இப்போது பைபர் படகும் எஞ்சினும் வந்துவிட்டன. ஆனாலும் கழி இல்லாத படகு கிடையாது. ஆழம் குறைந்ததும் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கழியைத்தான் எடுக்கிறார்கள். பையன்கள் சிலர் அலுமினியக் குழாய் வாங்கி வைத்திருக்கிறார்கள். இலேசு, வளையாது, பூச்சி அரிக்காது, எல்லாம் உண்மை. மே மாத வெயிலில் கை வைக்க முடியாது, இரண்டு முனையையும் அடைக்காவிட்டால் தண்ணீர் ஏறி மூழ்கிவிடும் என்பதும் உண்மை. இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கால்வாயின் குறுக்கே தாழ்ந்து போகிற மின்கம்பிக்குக் கீழே அலுமினியக் கழியைத் தூக்குவதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கம்பி போகிற வழி என்றால் மூங்கிலே எடு என்று யாரிடமும் சண்டை போட்டாவது சொல்வேன். ஈர மூங்கிலும் மின்சாரத்துக்குப் பத்திரமில்லை, அதைப் படுக்கவைத்துக் கடக்க வேண்டும் என்பதையும் சேர்த்து.

வாங்கிய மூங்கிலை அன்றே படகில் ஏற்றக்கூடாது. தேய்பிறையில் வெட்டினால் பூச்சி அரிக்காது என்பார்கள். மண்டியில் வாங்குகிறவனுக்கு அது எந்தப் பிறையில் வெட்டியது என்று எப்படித் தெரியும்? நான் நம்புவது ஊறப்போடுவதை. உப்பில்லாத குட்டையில் கல்லை ஏற்றி சில வாரம் அமிழ்த்தி வைத்தால் உள்ளே இருக்கிற மாவுச்சத்து கரைந்து வெளியேறும், துளைக்கிற வண்டுக்குத் தீனி இருக்காது. எடுக்கிற அன்று நாற்றம் தெருவுக்கே கேட்கும். வீட்டில் திட்டு வாங்காமல் நல்ல கழி கிடைக்காது. பிறகு நிழலில் காயவைக்க வேண்டும், வெயிலில் போட்டால் பிளந்துவிடும். கோணல் இருக்கிற கணுவை வைக்கோல் தீயில் வாட்டி, மரக்கவையில் கொடுத்து நிமிர்த்தி, அப்படியே ஈரச்சாக்கால் சுற்றிப் பிடித்தால் நிற்கும். கணு மேட்டைக் கத்தியால் சுரண்டலாம், ஆனால் சீவி எடுத்துவிடக்கூடாது, பலமே அங்கேதான். கை பிடிக்கிற பாகத்தில் பளபளப்பான மேல்தோலைக் கண்ணாடிச் சில்லால் வழித்துவிட்டால் ஈரத்தில் வழுக்காது. கடைசியாகப் புன்னை எண்ணெய், இரண்டு பூச்சு. முதல் பூச்சு முழுக்க உள்ளே போன பிறகுதான் அடுத்தது.

படகில் விரிசல் விட்ட கழியைக் கம்பி கட்டி ஓட்டுகிறவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை, கழியை வாங்கி முழங்காலில் வைத்து அழுத்திக் காட்டுவேன். விரிசல் வாய்திறந்து மூடும். அதைப் பார்த்த பிறகும் வேண்டுமென்றால் அவரவர் கை. என்னுடையதைப் பாடு வலை ஊன்றுகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவேன், நட்டுவைத்த கம்பு விரிந்தால் யார் கையும் மாட்டாது.